ஈறும் துணைக்காலும்



பாடநூலையும் தேர்வுத் தாளையும் விட்டுவிட்டு இவள் ஏன் பல்லைப் பற்றி எழுத வந்தாள் என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்துகளின் பிறப்பைக் கற்பிப்பவருக்குப் பல் அயலான பொருளன்று. தொல்காப்பியப் பிறப்பியல், ஒலி பிறப்பதற்கு வேண்டிய உறுப்புகளைச் சொல்லும்போது பல்லுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. மேற்பல்லின் அடியை நா தொட்டால்தான் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழிதழும் கூடினால்தான் வகரம் வரும். முன்பல் விழுந்த முதலாம் ஆண்டுப் பிள்ளையின் வாயில் 'தாத்தா' என்ற சொல் என்ன பாடு படும் என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அறிவீர்கள். நாமும் சிரித்துக்கொண்டே காத்திருப்போம். சில மாதங்களில் பல் முளைக்கும், சொல்லும் திருந்தும்.

என் அம்மாவுக்கு வயது அறுபத்தொன்பது. அவருக்கு இனி முளைக்காது. கீழ்வாய் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கியிருந்தன. ரொட்டியைக் கடித்தால் வெண்மையான பகுதியில் சிவப்புக் கோடு விழுந்தது. நீரிழிவு நோய்க்குப் பதினைந்து ஆண்டுகளாக மாத்திரை உட்கொள்கிறார். இந்நிலையில்தான் உறவினர் ஒருவர் குடும்பப் புலனக் குழுவில் ஒரு செய்தியை அனுப்பினார். ஈறுநோய்க்கு ஒரு புதிய களிம்பு வந்திருக்கிறதாம். பெயர் ஹயலுரானிக் அமிலமாம். தடவினால் ஆடும் பல் இறுகிவிடுமாம். பல் மருத்துவரிடம் போக வேண்டியதே இல்லையாம். "மஸ்ஜித் இந்தியாவுல கிடைக்கும்னு போட்டிருக்காங்கம்மா, நீ போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார் அம்மா. அந்தக் கடைசி 'ஆம்'தான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. பல் மருத்துவரின் நாற்காலியை அவர் அறுவை மேசையாகவே கருதுபவர்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது இலக்கணம் கற்பிக்கும் அண்ணன் ஒருவர், "அப்படியானால் அம்மாவுக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்" என்றார். அறையே சிரித்தது. பல்லைப் பிடித்திருக்கும் தசைக்கும், சொல்லின் இறுதி எழுத்துக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்திருக்கிறது. இலக்கணத்தில் ஈறு கெட்டாலும் சொல் நிற்கும். 'ஓடாத குதிரை' ஓடாக் குதிரையாகும், பொருள் குறையாது. வாயில் ஈறு கெட்டால் எதுவும் நிற்பதில்லை.

மஸ்ஜித் இந்தியாவை அறியாத கோலாலம்பூர்த் தமிழர் இரார். 1863-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலால் அந்தச் சாலைக்கு அப்பெயர் வந்தது. இப்போது நாம் காணும் கட்டடம் 1966-இல் எழுந்தது. வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு தமிழில் ஒலிக்கும் பள்ளிவாசல் என்பது அதற்குரிய தனிச்சிறப்பு. துணிக்கடை, நகைக்கடை, நாணய மாற்றுக்கடை என்று நிறைந்திருக்கும் அச்சாலை, மருந்துக்கும் பெயர் போனது. விஸ்மா யாக்கின் பக்கம் போனால் மலாய்க்காரர்களின் ஜாமு மருந்துகள்; நடைபாதையில் மிஸ்வாக் குச்சிகள்; பலசரக்குக் கடைகளில் கிராம்பு எண்ணெயும் பல்பொடியும். இளம் வயதில் அம்மாவுடன் அங்குப் போகும்போதெல்லாம், ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே எண்ணெய் பல்வலி, மூட்டுவலி, மலச்சிக்கல் மூன்றையும் போக்கும் என்று பேசும் வணிகரைச் சுற்றி நின்று கேட்டதுண்டு. அவர்களுடைய பேச்சுத் திறனில் பாதி எனக்கு இருந்தால், என் வகுப்பில் ஒரு மாணவனும் கொட்டாவி விட மாட்டான்! 2024 ஆகஸ்டில் அச்சாலையின் நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவரை விழுங்கிய துயரத்திற்குப் பிறகு சில மாதங்கள் கூட்டம் குறைந்திருந்தது. இப்போது மீண்டும் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் அங்குச் சென்றேன். மருந்தகத்தில் அந்தப் பெயரை உச்சரித்ததும் கடைப் பெண் முகப்பூச்சு அடுக்கின் பக்கம் கைகாட்டினார். தோலை ஈரமாக வைத்திருக்கும் திரவங்கள் என்று ஒரு வரிசை முழுவதும் அதே பெயர். ஈறுக்கு என்றதும் உள்ளேயிருந்து ஓர் இளைஞர் வந்து சிறு குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். விலை ஐம்பது ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. விரல் நீளக் குழாய்க்கு அது சிறிய விலையன்று.

"தம்பி, இதைத் தடவினால் ஆடுற பல் நிக்குமா?" என்று கேட்டேன்.

"அப்படி யார்க்கா சொன்னது? பல்லைச் சுத்தம் பண்ணின பிறகு புண் ஆற உதவும். முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. காட்டாமப் போட்டா அம்பது வெள்ளி வேஸ்ட்" என்றார்.

விற்பவரே வாங்காதீர்கள் என்று சொல்லக் கேட்பது மஸ்ஜித் இந்தியாவில் எனக்கு அதுவே முதன்முறை. அவர் மேலும் ஒன்று சொன்னார். அந்தக் குழாயை வாங்க வருபவர்களில் பலர் விலையைக் கேட்கும் முன்பே, இது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கிறார்களாம். அக்கேள்வி அந்தச் சாலைக்கே உரியது. முஸ்லிம்களுக்கு ஹலால் கவலை. புரட்டாசி விரதம் இருக்கும் நம்மவர்களுக்குச் சைவக் கவலை. வீட்டிற்கு வந்ததும் அம்மா கேட்ட முதற்கேள்வியும் அதுதான்: "கோழிக் கொண்டையில எடுக்கிற மருந்துன்னு சொல்றாங்களே, புரட்டாசியில வாயில வைக்கலாமா?"

கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. இப்பொருளின் வரலாற்றிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. 1934-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், அதில் இருந்த யுரானிக் அமிலத்தையும் சேர்த்துப் பெயரிட்டார்கள். பிற்காலத்தில் சேவலின் கொண்டை இதற்கு வளமான மூலமாக அமைந்தது. கொண்டை அவ்வளவு விறைப்பாக நிமிர்ந்து நிற்பதற்கு இப்பொருளும் ஒரு காரணம். இன்றும் சில மருந்துகள் கொண்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன; பெரும்பகுதி நுண்ணுயிர்களை வளர்த்து நொதிக்க வைத்துப் பெறப்படுகிறது. நான் வாங்கிய குழாயின் உள்தாளில் நொதித்தல் முறை என்றே அச்சாகியிருந்தது. தயிரையும் அப்படித்தானே பெறுகிறோம் என்றேன். அம்மா பாதி சமாதானம் அடைந்தார்.

'அமிலம்' என்ற பெயரும் பலரை அச்சுறுத்துகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்துக் கந்தக அமிலம் நினைவுக்கு வந்துவிடுகிறது. இது சுடும் அமிலமன்று. இரண்டு சர்க்கரைக் கூறுகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி, மணிமாலை போன்றது. நம் ஒவ்வொருவர் உடலிலும் இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் சுமார் 15 கிராம் இருக்கும் என்பர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. ஏறக்குறைய பாதி தோலில் உள்ளது. மூட்டுகளுக்கு இடையில் எண்ணெய்போல் வழுக்குவதும் அதுவே. அதனால்தான் முழங்கால் தேய்மானத்திற்கு இதனை ஊசியாகப் போடுகிறார்கள். எங்கள் அண்டை வீட்டு அத்தைக்கு அவ்வாறு போட்டது அம்மாவுக்கு நினைவிருந்தது. "முட்டிக்குப் போட்டதை வாய்க்குமா போடுவாங்க?" என்று வியந்தார்.

ஈறிலும் இது உண்டு. உயிரணுக்கள் செங்கற்கள் என்றால் அவற்றுக்கு இடையில் இருக்கும் ஈரக் கலவையில் இது ஒரு பகுதி. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. புண் ஏற்பட்டதும் அவ்விடத்தில் இதன் அளவு கூடுகிறது; புதிய உயிரணுக்கள் நகர்ந்து வந்து குடியேற ஈரமான பாதை அமைகிறது. ஈறில் தங்கும் கிருமிகளுள் சில, இந்தச் சங்கிலியை வெட்டும் நொதியைச் சுரக்கின்றன. வெட்டுண்ட சிறு துண்டுகள் அழற்சியை மேலும் தூண்டுகின்றன. நீண்ட சங்கிலி வீக்கத்தைத் தணிக்க, அதன் துண்டுகள் வீக்கத்தை வளர்க்கின்றன! ஒரே பொருள், நீளத்தைப் பொறுத்து இரு குணம். ஆகவே நீண்ட சங்கிலிகள் உள்ள களிம்பை வெளியிலிருந்து கொடுத்தால் ஆறுதல் விரைவுபடும் என்பதே மருத்துவர்களின் எண்ணம். வீட்டில் தடவுவதற்கு 0.2 விழுக்காட்டுக் களிம்பும், மருத்துவர் தாமே ஈறின் பள்ளத்துக்குள் செலுத்துவதற்கு 0.8 விழுக்காட்டுக் களிம்பும் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன.

ஆனால், புண் ஏன் வந்தது என்ற கேள்விக்கு இக்களிம்பில் விடையில்லை. அதற்கு 1965-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹாரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர், நல்ல ஈறுகள் கொண்ட பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். அவர்களில் ஒன்பது பேர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சில நாட்களில் குணமாயிற்று. பல்லின் மேல் படியும் கிருமிப் படலமே காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று. அந்தப் படலத்தை அகற்றாமல் விட்டால் உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகுகிறது. காரையைத் தூரிகையால் அகற்ற முடியாது, களிம்பாலும் முடியாது. நாளடைவில் ஈறு பல்லைவிட்டு விலகிப் பள்ளமாகிறது. உள்ளே தாடை எலும்பு கரைகிறது. வீங்கிய ஈறு திரும்பும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

அதே லோ அவர்களின் அடுத்த ஆய்வு நமக்கு நெருக்கமானது. இதைத் தமிழாசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1970-இல் அவருடைய குழு இலங்கை மலையகத்துக்குச் சென்றது. டன்சினன், ஹாரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. அனைவரும் தமிழர்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் மருத்துவரும் எட்டாத மக்கள் என்பதாலேயே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஈறுநோயைத் தடுப்பார் இல்லாவிட்டால் அது எப்படி வளரும் என்று காண்பதே நோக்கம். 1985 வரை அந்தக் குழு திரும்பத் திரும்பச் சென்று அளந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக வளர்ந்தது. 81 பேருக்கு மிதமாக. 11 பேருக்கு ஏறத்தாழ வளரவே இல்லை. வேகமாக வளர்ந்தவர்கள் நாற்பத்தைந்து வயதுக்குள் பெரும்பாலான பற்களை இழந்தனர். 1985-இல் பரிசோதிக்கப்பட்டவர்கள் 161 பேர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல் தேடிச் சென்றபோது 75 பேரை மீண்டும் காண முடிந்தது.

உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் அந்த அட்டவணைக்குப் பின்னால் நம் இனத்தார் கொழுந்துக் கூடைகளுக்கு நடுவில் வாயைத் திறந்து நின்றிருக்கிறார்கள். அளந்தவர்கள் அளந்ததோடு நின்றதைப் பற்றி எனக்குள் ஒரு கசப்பு உண்டு. அறிவியலுக்கு அது பெருங்கொடை என்பதையும் மறுப்பதற்கில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "எங்க லயத்துலயும் கரியும் உப்பும்தான்" என்றார் பிறகு.

அந்த 11 என்ற எண்ணைப் பெற்றோர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். "என் தாத்தா தூரிகையைத் தொட்டதே இல்லை, தொண்ணூறு வயதில் கரும்பு கடித்தார்" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. தாத்தா அந்தப் பதினொருவரில் ஒருவர். மற்ற எண்பத்தொன்பது தாத்தாக்களின் கதையை யாரும் கூடத்தில் உட்கார்ந்து சொல்வதில்லை. குழாய்க் களிம்பால் குணமானேன் என்று புலனத்தில் எழுதுபவருக்கும் இது பொருந்தும்.

அம்மாவை முதலில் அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்திற்கும், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் ஈறுநோய் வல்லுநரிடமும் அழைத்துச் சென்றேன். காத்திருப்பு நீண்டது, கட்டணம் மிகக் குறைவு. அந்தப் பரிசோதனையை நான் அருகிலிருந்து பார்த்தேன். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுக்குள் மெதுவாக விட்டு, மருத்துவர் எண்களைச் சொன்னார்; உதவியாளர் எழுதினார். "மூன்று, இரண்டு, மூன்று... ஐந்து, நான்கு, ஆறு..." நம் வகுப்பின் சொல்வதெழுதுதல் போலவே இருந்தது. மூன்று வரை நலம். நான்கும் அதற்கு மேலும் நோயின் அடையாளம். கடைவாய்ப் பல் ஒன்றில் ஒன்பது என்றார். அப்பல்லைக் காக்க இயலாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். அம்மாவின் கை என் கையைப் பற்றியது.

நான் குழாயை எடுத்துக் காட்டினேன். மருத்துவர் எள்ளவில்லை. "நல்ல பொருள்தான், டீச்சர். துணை மருந்து. முதலில் காரையை எடுப்போம், வேர் வரைக்கும் சுத்தம் செய்வோம். பிறகு இதைத் தடவட்டும்" என்றார்.

துணை என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் முதலாம் ஆண்டில் துணைக்கால் கற்பிக்கிறோம். 'க'வுக்குப் பக்கத்தில் வந்தால் 'கா'. 'ம'வுக்குப் பக்கத்தில் வந்தால் 'மா'. துணைக்காலை மட்டும் கரும்பலகையில் தனியே எழுதிவிட்டு வாசிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையாலும் வாசிக்க முடியாது. அதற்காகத் துணைக்கால் பயனற்றது என்று எவரும் சொல்வதில்லை. அது இல்லையேல் 'பால்' வெறும் 'பல்' என்று நின்றுவிடும். அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன். மாத்திரைக்கு நடுவே இலக்கணம் வேண்டாம் என்றாலும், அவருக்குப் புரிந்தது.

துணையின் அளவு எவ்வளவு? இதுவரை வெளிவந்த ஆய்வுகள் பலவும் சிறியவை. சில பத்துப் பேர், மூன்று முதல் ஆறு மாதம் என்ற அளவில் நடந்தவை. களிம்பின் அடர்த்தியும் தடவிய முறையும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அவற்றுள் ஒரு முறை எனக்குப் பிடித்தது. ஒரே நோயாளியின் வாயில் இரு பக்கமும் காரையை அகற்றிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் களிம்பு இடுகிறார்கள். அதே உணவு, அதே நீரிழிவு, அதே சோம்பல். வேறுபாடு களிம்பு ஒன்றே. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இது: சுத்தம் மட்டும் செய்த பக்கத்தைவிடக் களிம்பும் இட்ட பக்கத்தில் இரத்தக் கசிவு சற்றுக் குறைகிறது, பள்ளத்தின் ஆழமும் சற்றுக் குறைகிறது. அந்தக் கூடுதல் பயன் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தீங்கு ஏதும் பெரிதாகத் தெரியவில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற வாய்க்கழுவியை நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாவின் சுவை மாறும். இதில் அத்தொல்லை இல்லை என்பதும் ஒரு நன்மை. எலும்புக் குழிகளை அறுவையால் சரிசெய்யும்போது இதனைச் சேர்ப்பதும், பற்களுக்கிடையில் கரும்புள்ளியாகத் தோன்றும் இடைவெளியை நிரப்ப ஊசியாகப் போடுவதும் நடக்கின்றன. அவை வல்லுநர்களின் களம்.

ஐம்பது ரிங்கிட் கொடுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவா என்று கேட்கலாம். வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். கையில் ஐம்பது ரிங்கிட் மட்டுமே உள்ளவர்கள் காரை எடுப்பதற்கும், நல்ல மென்தூரிகைக்கும், பல்லிடுக்குத் தூரிகைக்கும் அதைச் செலவிடுவதே அறிவுடைமை. எதை வாங்கினாலும், மருந்து என்று சொல்லி விற்கப்படும் பொருளின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். புலனத்தில் வரும் மலிவுக் குழாய்களுக்கு இது தனியாகச் சொல்லப்படுகிறது.

நம் இனத்தவருக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே மிகுதி. நீரிழிவு உள்ளவர்க்கு ஈறுநோய் எளிதில் முற்றும். ஈறுநோய் முற்றினால் சர்க்கரை கட்டுக்கு அடங்காது. இருபுறமும் எரியும் கொள்ளி அது. ஈறுநோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால், மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி எண் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்று 2022-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். நீரிழிவு நோயாளி உள்ள வீட்டாருக்கு அதன் மதிப்பு தெரியும்.

அம்மாவுக்கு நான்கு தவணைகளில் வேர் வரை சுத்தம் செய்தார்கள். மரப்பு ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. இரண்டாம் தவணையிலேயே அவரது அச்சம் போய்விட்டது. மூன்றாம் தவணையில் மருத்துவருக்கு வாழைப்பழ அப்பம் எடுத்துச் சென்றார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். களிம்பைக் காலையும் இரவும் துலக்கிய பிறகு தடவினார். மூன்று மாதம் கழித்து மீண்டும் சொல்வதெழுதுதல். ஆறு இருந்த இடங்கள் பலவற்றில் நான்கு. ஐந்து இருந்த இடங்களில் மூன்று. கீழ் முன்பற்கள் இரண்டிலும் ஆட்டம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ரொட்டியில் சிவப்புக் கோடு விழுவதில்லை. "களிம்புதான் காப்பாத்திச்சு" என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வருகிறார். இரு பக்கமும் தடவியவரின் வாயில் எது காரை எடுத்ததன் பயன், எது களிம்பின் பயன் என்று பிரித்துச் சொல்ல மருத்துவராலும் இயலாது. உறவினரின் புலனக் குழுவில் அம்மாவின் குரற்பதிவும் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் "முதல்ல டாக்டர்கிட்ட போய்க் கிளீன் பண்ணுங்க" என்ற வாக்கியத்தை முன்னால் வைத்துப் பேசும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். வைத்திருக்கிறார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று. ஈறில் இரத்தம் வந்தால் அவ்விடத்தைத் துலக்காமல் விட வேண்டும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதை அப்படியே பள்ளிக்குக் கொண்டு வருகிறார்கள். இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் இருக்கிறது. மென்மையாக, விடாமல் துலக்க வேண்டிய இடம் அதுவே. என் நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி, இடப்பக்கம் மட்டும் துலக்குவதாகச் சொன்னாள். ஏன் என்றேன். வலப்பக்கம் இரத்தம் வருவதால் பாட்டி வேண்டாம் என்றாராம். பாட்டியின் அன்பில் குறையில்லை. அந்தப் பாட்டிக்கு யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டில் பள்ளிப் பல் மருத்துவச் சேவை பழமையானது. பினாங்கில் 1949-இலேயே பல் தாதியர் பயிற்சி தொடங்கிவிட்டது. இன்று அவர்கள் பல் சிகிச்சையாளர் என்ற பெயரில் நாற்காலியையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு நம் பள்ளிகளுக்கே வருகிறார்கள். மலையகத் தோட்டத்து இளைஞர்களுக்கு 1970-இல் கிட்டாத ஒன்று நம் பிள்ளைகளின் பள்ளி மண்டபத்துக்கே வந்து நிற்கிறது. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்தால்தான் பிள்ளைக்குச் சிகிச்சை செய்வார்கள். அந்தத் தாள் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடப்பது நமக்குப் புதிதன்று. சில பெற்றோர் பிள்ளைக்கு வலிக்கும் என்று அஞ்சி ஒப்பமிடுவதில்லை. அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டிலேயே அது அறுபத்தொன்பது வயது வரை இருந்தது.

இம்முறை படிவத்தோடு, அம்மாவின் எண்களை முன்னும் பின்னும் எழுதிய ஒரு சிறு தாளையும் அவருடைய இசைவோடு இணைத்து அனுப்பினேன். முப்பத்தொரு மாணவர்களில் இருபத்தெட்டுப் பேரின் படிவங்கள் திரும்பிவிட்டன. குழு வருவது அடுத்த செவ்வாய்க்கிழமை. மீதி மூன்று வீடுகளுக்கும் இன்று மாலை தொலைபேசியில் பேசவிருக்கிறேன். அந்தப் பாட்டியின் வீடும் அவற்றுள் ஒன்று. அவரிடம் பேச அம்மாவையே உட்கார வைத்திருக்கிறேன்.